வெயிட்டு எங்க நிக்கு?

அம்மா பைக்கில் ஏறுவதற்கு முன்னால் ஒரு துண்டை நான்காக மடித்து சீட்டில் போட்டுக்கொள்வது எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. தூத்துக்குடி வெயிலில் சீட் கொதிக்கும், அதற்காகத்தான் என்று இருந்துவிட்டேன். மார்கழியில் ஒரு விடியற்காலை கோயிலுக்குக் கிளம்பியபோதும் துண்டு வந்தது. எதற்கு என்று கேட்டேன். "இடுப்புல பட்டுன்னு அடிக்குல்லா, அதுக்குத்தான்" என்றார்.

அன்று போகும் வழியெல்லாம் கவனித்தேன். அம்மா பின்னால் உட்கார்ந்தால் ஏதாவது பேசிக்கொண்டே வருவார். வேகத்தடை வருவதற்கு நாலு அடி முன்னால் பேச்சு நின்றுவிடுகிறது. கை என் தோளை இறுக்குகிறது. இரண்டாம் கேட் தண்டவாளத்தைத் தாண்டி முடிக்கிறவரை ஒரு சொல் இல்லை. தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடர்கிறது. எத்தனை மாதமாக இப்படி வந்துகொண்டிருந்தாரோ. எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

ஓட்டுகிறவர் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறார். பின்னால் இருப்பவர் பின் சக்கரத்தின் அச்சுக்கு ஏறக்குறைய நேர் மேலே. பின் சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அந்த அடி முழுதும் அவருக்குத்தான், நமக்கு அதில் ஒரு பங்குதான் வந்து சேரும். போதாததற்கு பள்ளம் நம் கண்ணுக்குத் தெரியும், ஃபுட்ரெஸ்டில் காலை ஊன்றி லேசாக எழுந்துகொள்வோம். பின்னால் இருப்பவருக்குத் தெரிவது நம் முதுகு மட்டும். அதனால் பின் ஷாக்கப் செத்துப்போனால் அதை முதலில் தெரிந்துகொள்பவர் வண்டிக்காரர் இல்லை, அவருடைய அம்மாவோ மனைவியோ குழந்தையோதான்.

வேகத்தடை பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். சாலை அமைப்பதற்கு நெறிமுறை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் 1988-இல் தந்த நெறிமுறைப்படி ஒரு வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமுமாக, 17 மீட்டர் ஆரம் உள்ள வட்டத்தின் ஒரு துண்டு போல வளைந்திருக்க வேண்டும். 25 கி.மீ. வேகத்தில் ஏறி இறங்கினால் உறுத்தாது. நம் தெருக்களில் இருப்பதை ஒருமுறை டேப் வைத்து அளந்து பாருங்கள். 40 செ.மீ. அகலத்தில் கல் மாதிரி ஒரு வரப்பு. இது எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைக்கிற விஷயம். ஆனால் தெருவை என்னால் மாற்ற முடியாது. ஷாக்கப்பை மாற்ற முடியும்.

கோயிலிலிருந்து வந்ததும் சீட்டின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் அழுத்தி விட்டுப் பார்த்தேன். நல்ல ஷாக்கப் என்றால் மேலே வந்து அப்படியே நின்றுவிடும். என் வண்டி எழுந்து, தாழ்ந்து, மறுபடி எழுந்து, தொட்டில் ஆடுவதுபோல ஆடி நின்றது. கீழே குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தால் இடதுபக்க ஷாக்கப்பின் தண்டில் ஆயில் கசிந்து, அதில் புழுதி ஒட்டி, கரும்பசையாக இருந்தது. 12 வருடம், 71,000 கி.மீ. ஓடிய வண்டி. அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஷாக்கப் என்று நாம் ஒரே பெயரில் சொல்வது இரண்டு பொருள்கள். வெளியே தெரிகிற ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது. ஆனால் ஸ்பிரிங் வாங்கியதை அப்படியே திருப்பிக் கொடுக்கும், தன்னிடம் வைத்துக்கொள்ளாது. அது மட்டும் இருந்தால் ஒரு பள்ளத்துக்கு ஐந்து முறை குதிப்போம். உள்ளே இருக்கிற குழாயில் ஆயில் இருக்கிறது, ஆயிலுக்குள் சின்னச் சின்ன ஓட்டைகள் போட்ட பிஸ்டன் இருக்கிறது. சக்கரம் ஏறி இறங்கும்போது அந்த ஆயில் ஓட்டைகள் வழியாகத் திணறிக்கொண்டு போய் வருகிறது. ஆட்டம் அங்கே சூடாக மாறிக் கரைகிறது. மோசமான ரோட்டில் நெடுநேரம் ஓட்டிவிட்டு நிறுத்தியதும் ஷாக்கப்பின் உடம்பைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். சீல் போய் ஆயில் வெளியேறிவிட்டால் மிஞ்சுவது வெறும் ஸ்பிரிங்தான்.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி அரசு பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சின்ன வயதில் பார்த்த சில பழைய வண்டிகளில் பின் சக்கரம் பிரேமோடு இறுக்கிக் கட்டினதுபோல இருக்குமாம், சீட்டுக்கு அடியில் மட்டும் இரண்டு சுருள் ஸ்பிரிங். அப்படிப் பார்த்தால் 1949-இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த புல்லட் பெரிய தாவல். பின் சக்கரத்தைத் தாங்க, அதோடு சேர்ந்து மேலும் கீழும் அசைகிற ஸ்விங் ஆர்ம் என்ற இரும்புக் கையும், அதன் இருபுறமும் ஆயில் போட்ட ஷாக்கப்பும் அதில் இருந்தன. 1955-இல் அந்த வண்டியை மெட்ராஸில் பாகங்களைச் சேர்த்துப் பூட்ட ஆரம்பித்தார்கள். இன்று நம் வீட்டு வாசலில் நிற்கிற சாதாரண வண்டிகள் பலவற்றிலும் அதே ஏற்பாடுதான். ஷாக்கப்பை வாசலிலேயே மாற்ற முடிவதும் அந்த ஏற்பாட்டால்தான். எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

வழக்கமாகப் போகும் மெக்கானிக் கோயில் கொடைக்கு ஊருக்குப் போயிருந்தார். வேறு கடையில் கேட்டபோது, ஷாக்கப்பைத் திறந்து ஆயில் ஊற்றி சீல் மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். நான் வேண்டாம் என்றேன். தண்டின் மேல் இருக்கிற பளபளப்பு தேய்ந்து கீறல் விழுந்திருந்தால் புது சீலையும் அது அறுத்துவிடும். கேஸ் அடைத்த வகை ஷாக்கப் என்றால் அதைத் திறப்பதே ஆபத்து, உள்ளே அழுத்தத்தில் நைட்ரஜன் இருக்கும். சூடுகாட்டவும் கூடாது, துளைபோடவும் கூடாது. ஜோடியாகப் புதுசு வாங்கினேன், இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. ஒன்றுதானே கசிகிறது, ஒன்றை மட்டும் மாற்றினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஒருபக்கம் அடக்கமாகவும் மறுபக்கம் துள்ளலாகவும் இருந்தால் ஸ்விங் ஆர்ம் முறுக்கிக்கொள்ளப் பார்க்கும், வளைவில் வண்டி நெளியும். ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

வாங்கும்போது பழையதன் அளவைக் கையில் வைத்திருங்கள். மேல் கண்ணின் (போல்ட் நுழைகிற வளையம்) நடுவிலிருந்து கீழ்க் கண்ணின் நடுவரை எவ்வளவு நீளம், கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் புஷ்ஷின் ஓட்டை எத்தனை மி.மீ., கீழ்முனை கண்ணா கவட்டையா. வண்டி பெயரைச் சொன்னால் கடைக்காரர் எடுத்துத் தந்துவிடுவார் என்பது சரிதான். ஆனால் ஒரே பெயரில் மாடலுக்கு மாடல் வித்தியாசம் இருக்கும். நீளம் கூடினால் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும், சைடு ஸ்டாண்டில் வண்டி அதிகம் சாயும், செயின் ஓடுகிற கோணமும் மாறும்.

லிஃப்ட் இல்லாமல் வாசலிலேயே எப்படி மாற்றினேன் என்பதற்கு வருகிறேன். ஒர்க்‌ஷாப்பில் வண்டியை மேடையில் ஏற்றி இடுப்பு உயரத்துக்குத் தூக்கிவிடுவார்கள். என்னிடம் இருந்தது வாசல் சிமெண்ட் தரையும் சென்டர் ஸ்டாண்டும். மாற்றுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஸ்டாண்டில் போட்டுவிட்டு ஸ்பேனரை எடுத்தபோது அண்ணாச்சி மதில் மேல் கை வைத்து நின்றுகொண்டு சொன்னார். "தம்பி, முதல்ல வெயிட்டு எங்க நிக்குன்னு பாரு. அப்புறம் ஸ்பேனரை எடு."

பார்த்தேன். சென்டர் ஸ்டாண்டில் போட்டதும் என் வண்டியின் எடை ஸ்டாண்டின் இரண்டு காலிலும் முன் சக்கரத்திலும் நிற்கிறது. பின் சக்கரம் காற்றில் இருக்கிறது. அதாவது ஷாக்கப் இப்போது வண்டியைத் தாங்கவில்லை. மாறாக, ஸ்விங் ஆர்மும் பின் சக்கரமும் அந்த இரண்டு ஷாக்கப்பிலும் தொங்கிக்கொண்டிருக்கின்றன. இதில் ஒன்றைக் கழற்றினால் மற்றது பிடித்துக்கொள்ளும். இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றினால்தான் சக்கரம் தொப்பென்று விழும், பிரேக் ராடும் செயினும் இழுபடும். ஒன்றைக் கழற்றி, புதியதைப் பூட்டி, அதன் பிறகு அடுத்தது. இரட்டை ஷாக்கப் வண்டியில் நமக்கு லிஃப்ட் வேலையைச் செய்வது மறுபக்க ஷாக்கப்தான். மோனோ ஷாக் வண்டிக்கு இது ஒத்துவராது. அங்கே இருப்பது ஒன்றே ஒன்று, அதைக் கழற்றினால் சக்கரத்தைத் தாங்க ஒன்றும் கிடையாது.

சென்டர் ஸ்டாண்டே இல்லாத வண்டியை ஹாலோ பிளாக்கின் மேல் நிறுத்தி வேலை செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஹாலோ பிளாக் உடையும்போது முன்னறிவிப்பு தராது. எஞ்சினுக்கு அடியில் ஜாக்கி வைப்பதும் தப்பு, அலுமினிய உறை விரிசல் விட்டால் ஷாக்கப் செலவைப் போலப் பல மடங்கு ஆகும். அப்படிப்பட்ட வண்டியை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே நல்லது.

அண்ணாச்சி சொன்ன இன்னொன்று எனக்குத் தோன்றியே இருக்காது. "கியர்ல போட்டிருக்கேன்" என்றேன். "கியர் பின் வீலைத்தான பிடிக்கும். பின் வீலு காத்துல நிக்கு. முன்னால தள்ளினா என்ன பிடிக்கும்?" என்று கேட்டார். அதுதானே. ஸ்டாண்டில் நிற்கிற வண்டி முன்னால் நகர்ந்தால் ஸ்டாண்ட் மடங்கிவிடும். பிடிக்கக்கூடியது முன் பிரேக் மட்டும். பழைய சைக்கிள் டியூபை வெட்டி முன் பிரேக் லீவரை ஆக்சிலேட்டர் பிடியோடு சேர்த்து இறுக்கிக் கட்டினேன். முன் டயரைச் சுவரில் முட்டி நிற்க வைத்தேன்.

அதற்குப் பிறகும் அன்று நட்டைக் கழற்ற விடவில்லை. கடல் இரண்டு கிலோமீட்டரில் இருக்கிறது, சுற்றிலும் உப்பளம், இந்த ஊர்க் காற்று இரும்பைத் தின்றுவிடும். நான்கு நட்டிலும் கம்பித் தூரிகை போட்டுத் தேய்த்து, துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து இரவு முழுதும் விட்டேன். காலையில் வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, இரண்டு சக்கரமும் தரையில் இருக்க, அம்மாவை ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, நான்கு நட்டையும் கால் சுற்று மட்டும் இளக்கினேன். பெரிய பலம் தேவைப்படுகிற வேலை இதுதான். வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போது இந்தப் பலத்தைப் போட்டால் வண்டி சரியும். தரையில் நிற்கும்போது செய்துவிட்டால் பிறகு ஸ்டாண்டில் கையாலேயே சுற்றி எடுக்கலாம்.

மேல் நட்டு குமிழ்த் தலை உள்ளது, குரோம் பூசினது. அதற்கு ஓபன் ஸ்பேனர் போடாதீர்கள், ஓரம் மழுங்கிவிடும். ரிங் ஸ்பேனரோ பாக்ஸோ போட்டு, தள்ளாமல் நம் பக்கம் இழுக்க வேண்டும். தள்ளும்போது நழுவினால் விரல் முட்டி ஃபுட்ரெஸ்டில் போய் இடிக்கும். வலது மேல் நட்டில் எனக்கு அதுதான் நடந்தது. மஞ்சளும் துணியுமாகப் பத்து நிமிடம் போனது.

மறுபடி சென்டர் ஸ்டாண்டில் ஏற்றினோம். இடதுபக்கம் முதலில். அங்கே சாரி கார்டு குறுக்கே இருந்தது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் 123-வது விதி, பின்னால் உட்காருபவரின் துணி சக்கரத்தில் சிக்காதபடி பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு இருக்க வேண்டும் என்கிறது. அழகாக இல்லை என்று அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுகிறவர்கள் ஒரு சேலைத் தலைப்பை நினைத்துப் பார்க்க வேண்டும். வேலை முடிந்ததும் நான் முதலில் திருப்பிப் பூட்டியது அதைத்தான்.

கழற்றின நட்டு, வாஷர்களை வைக்க அம்மா பழைய அலுமினிய இட்லித் தட்டு ஒன்றைக் கொடுத்தார். நாலு குழி. இடது மேல், இடது கீழ், வலது மேல், வலது கீழ். இதைவிடப் பொருத்தமான தட்டு எந்தக் கடையிலும் கிடைக்காது. வாஷர் எது உள்பக்கம் எது வெளிப்பக்கம் என்பதைக் கழற்றும் முன்பே மொபைலில் படம் எடுத்துக்கொண்டேன்.

இடது கீழ் போல்ட் வரவில்லை. நட்டு கழன்றுவிட்டது, போல்ட் புஷ்ஷோடு துருவில் ஒட்டிக்கொண்டது. சுத்தியலால் நேராக அடித்தால் மரை நசுங்கிவிடும். நட்டை மறுபடி போல்ட்டின் நுனிக்குச் சமமாக வருகிறவரை சுற்றிவைத்து, மேலே ஒரு மரத்துண்டைப் பிடித்து, சின்னச் சின்னதாகத் தட்டினேன். ஸ்ப்ரே, காத்திருப்பு, தட்டு. முக்கால் மணி நேரம். இந்த இடத்தில்தான் பலருக்குப் பொறுமை போய் பெரிய சுத்தியல் வருகிறது. நெருப்பு காட்டினால் இளகும் என்று தெருவில் போன ஒருவர் சொன்னார், பக்கத்தில் ரப்பரும் அழுத்தக் குழாயும் இருக்கும்போது நெருப்புக்கு அங்கே வேலை இல்லை. கடைசியில் டக்கென்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்டபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதிக் காட்ட முடியாது.

மேல் கண், பிரேமிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தண்டில் கெட்டியாகப் பிடித்திருந்தது. கொஞ்சம் சோப்புத் தண்ணீர் விட்டு முன்னும் பின்னுமாகத் திருகினால் வந்துவிடும். ஆயில் விட வேண்டாம், ரப்பர் ஊறிக் கெட்டுப்போகும். உப்புக் காற்று தின்ற தண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துணியால் துடைத்து, மெலிதாக கிரீஸ் தடவினேன். அடுத்த முறை கழற்றுகிறவர் முக்கால் மணி நேரம் உட்கார வேண்டியிருக்காது.

புதுசின் மேல் கண் சட்டென்று ஏறியது. கீழே வந்தால் ஓட்டைக்கு ஓட்டை நேராக வரவில்லை, நாலைந்து மி.மீ. வித்தியாசம். புதிய புஷ்ஷின் ரப்பர் விறைப்பாக இருக்கும், பழையதும் புதியதும் நீளத்தில் மயிரிழை வேறுபடும். சக்கரத்தைக் கொஞ்சமே கொஞ்சம் தூக்கினால் போதும். கடப்பாரை வைத்து நெம்பினால் ஒரே தூக்காகத் தூக்கிவிடும், ஒரு ஆள் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். வீட்டில் பழைய வார இதழ்கள் கட்டுக் கட்டாகக் கிடந்தன. டயருக்கு அடியில் ஒரு பிளைவுட் துண்டும் அதன்மேல் இதழ்களுமாக அடுக்கினேன். ஒரு புத்தகம் கூட்டினால் ஒன்றிரண்டு மி.மீ. ஏறும், ஒன்றை உருவினால் இறங்கும். ஏழாவது புத்தகத்தில் போல்ட் தானாக உள்ளே போனது.

வலதுபக்கம் சைலன்சர் மறைத்தது. அதன் பின் கிளாம்ப் போல்ட்டைக் கழற்றி அரை அங்குலம் கீழே இறக்கியதும் கீழ் நட்டுக்கு ஸ்பேனர் போக வழி கிடைத்தது. மற்றபடி கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

இறுக்குவது எவ்வளவு என்பதற்கு டார்க் ரெஞ்ச் இருந்தால் நல்லது. என்னிடம் இல்லை. பெட்டி எடை பார்க்கிற தொங்கு தராசு இருந்தது. 25 செ.மீ. நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் அதை மாட்டி, ஸ்பேனருக்குச் செங்குத்தாக 12 கிலோ காட்டும்வரை இழுத்தால் ஏறக்குறைய 29 நியூட்டன் மீட்டர் முறுக்கு வரும். என் வண்டிக் கையேட்டில் போட்டிருந்ததும் அந்தப் பக்கம்தான். உங்கள் வண்டிக்கு உங்கள் கையேட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கடைசி இறுக்கலை வண்டியைத் தரையில் இறக்கி, எடை ஷாக்கப்பின் மேல் வந்த பிறகு செய்தேன். பிறகு தங்கையின் நகப்பூச்சால் ஒவ்வொரு நட்டிலிருந்தும் தண்டுவரை ஒரு சிவப்புக் கோடு இழுத்தேன். நட்டு இளகினால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும்.

அப்புறம் செய்ய வேண்டியவற்றை விட்டுவிடாதீர்கள். பின்பக்கம் கொஞ்சம் உயர்ந்திருப்பதால் செயினின் தளர்வைக் கையேட்டின்படி மறுபடி பார்க்க வேண்டும். பின் பிரேக் மிதியின் ஆட்டத்தையும் பார்க்க வேண்டும். ஹெட்லைட் வெளிச்சம் முன்பைவிடக் கிட்டே விழும், அதையும் சரி செய்ய வேண்டும்.

ஸ்பிரிங்குக்கு அடியில் படிப்படியாக இருக்கும் வளையத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. அதைத் திருகினால் ஸ்பிரிங் கடினமாகும் என்று நினைக்கிறோம். ஸ்பிரிங்கின் கடினம் மாறுவதில்லை. அதை முன்கூட்டியே கொஞ்சம் அழுத்தி வைக்கிறோம், அதனால் ஆள் ஏறும்போது வண்டி குறைவாகத் தாழும், அவ்வளவுதான். நானும் அம்மாவும் உட்காரும்போது மொத்த ஆட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு தாழ்ந்தால் போதும் என்று வைத்துக்கொண்டேன். ஸ்டாண்டில் இருக்கும்போது பின் அச்சிலிருந்து சீட்டின் விளிம்புவரை ஒருமுறை அளந்தேன். நாங்கள் இருவரும் உட்கார்ந்ததும் அண்ணாச்சி இன்னொரு முறை அளந்தார். ஐந்து படியில் இரண்டாவது படி சரியாக வந்தது. இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

பழைய ஜோடியை இரும்புக் கடையில் போட்டபோது, இதை வெட்டவோ சுடவோ கூடாது என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மா பழக்கத்தில் துண்டை எடுத்து வந்து சீட்டில் போட்டுத்தான் உட்கார்ந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சித்தி வீட்டில் மாவு அரைக்கிற கிரைண்டர் ரிப்பேரானது, அதற்கு அவர்கள் கூப்பிட்ட ஆள் வராதது, மாவைப் பக்கத்து வீட்டில் அரைத்தது என்று பெரிய கதை. மெதுவாகத்தான் ஓட்டினேன். இரண்டாம் கேட் வந்தது. முன் சக்கரம் முதல் தண்டவாளத்தில் ஏறியது, இறங்கியது, பின் சக்கரம் ஏறியது. பின்னால் அம்மா, "உளுந்து மட்டும் காப்படி கூடப் போட்டிருந்தா பொங்கியிருக்கும், அவகிட்ட அன்னைக்கே சொன்னேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.